தீ பார்க்கும் அம்மணி

பழவேற்காட்டில் ஒல்லாந்து டச்சுக்காரர் கொடி பறந்த காலத்தில் ஏரிக்கரைக் குப்பத்தில் அம்மணி என்று ஒருத்தி இருந்தாள். பயப்படுவதில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. காற்றடித்தால் தோணி கவிழ்ந்துவிடும் என்று பயப்படுவாள். காற்று நின்றுபோனால் தோணி எங்கே மாட்டிக்கொண்டதோ என்று பயப்படுவாள். தோணிக்காரனான அவள் புருஷன் சின்னப்பன் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு சோறு போடுவாள்.

"நான்தான் வந்துட்டேனே மே, இன்னும் யாரைத் தேடறே?" என்று அவன் சிரிப்பான்.

"தெரியலயே. பாத்துப் பாத்துப் பழகிப் போச்சு," என்பாள்.

இப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்து, அடுத்தவர் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற வேலையைக் கொடுத்தார் ஹென்ட்ரிக் துரை. மனிதருக்குக் கண் இல்லையா என்று கேட்கத் தோன்றும். அவருக்குக் கண்தான் கோளாறு. அதனால்தான் கொடுத்தார்.

ஹென்ட்ரிக் துரை கோட்டை உத்தியோகஸ்தர் இல்லை. சொந்தமாக வியாபாரம் செய்தவர். ஏரியை ஒட்டி ஒரு கிடங்கு வைத்திருந்தார். வடகரைக் கிராமங்களில் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பார்கள். அது மூட்டை மூட்டையாகத் தோணியில் வந்து அவர் கிடங்கில் இறங்கும். முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் ஏறும். போகிற ஊரில் கரியும் கந்தகமும் சேர்த்து அரைத்தால் வெடிமருந்து. இதில் ஒரு வம்பு உண்டு. வெடியுப்பும் வெள்ளை, நாம் குழம்பில் போடுகிற உப்பும் வெள்ளை. வழியில் எவனாவது ஒரு கூடை வெடியுப்பை எடுத்துவிட்டு ஒரு கூடை கறியுப்பைக் கொட்டிக் கலக்கினால் பார்வைக்குத் தெரியாது. ஆனால் கறியுப்பு கலந்த மருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சமயத்தில் பீரங்கி புஸ்ஸென்று போய்விடும்.

கண் ஏமாறலாம், தீ ஏமாறாது என்பது துரையின் கட்சி. இருட்டறையில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் நன்றாகக் காய்ச்சி இறக்கிய சாராயத்தை ஊற்றிக் கொளுத்துவார். அது வெளிறிய நீலமாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி எரியும். அதனால்தான் அந்தத் தீ. எண்ணெய் விளக்கில் பார்த்தால் விளக்கின் நிறமே எல்லாவற்றையும் மூடிவிடும். இரும்புக் கரண்டியின் நுனியில் உப்பை வைத்துச் சாராயத் தீயில் நீட்டினால், சுத்தமான வெடியுப்பு கத்தரிப்பூ நிறத்தில் எரியும். கறியுப்பு பூவரசம்பூ மாதிரி மஞ்சளாக எரியும். இந்த மஞ்சள் இருக்கிறதே, பெரிய ரௌடி. துளி இருந்தாலும் போதும், கத்தரிப்பூவை ஒரு மூலையில் தள்ளிவிட்டுத் தானே நடுவில் நின்று ஆடும். அப்போது ஒரு நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். கண்ணாடி மஞ்சளை விழுங்கிவிடும். அடியில் கத்தரிப்பூ இருந்தால் எட்டிப் பார்க்கும்.

துரையிடம் மூன்று பட்டை வைத்த கண்ணாடிக் கட்டி ஒன்றும் இருந்தது. பலகையில் கீறிய மெல்லிய பிளவு வழியாக வெயிலை அதன்மேல் விழவிட்டால் எதிர்ச் சுவரில் வானவில் வந்து படுக்கும். சிவப்பிலிருந்து ஊதாவரை நடுவில் ஓர் இடைவெளி இருக்காது. வெயிலுக்குப் பதிலாக அந்தப் பிளவுக்குப் பின்னால் உப்புத் தீயை வைத்து, கட்டி வழியாகப் பார்த்தால் கதையே வேறு. வானவில் முக்கால்வாசி இருட்டாகிவிடும். கறியுப்பு என்றால் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. வெடியுப்பு என்றால் இந்த ஓரத்தில் மங்கலாக ஒரு சிவப்பு, அந்த ஓரத்தில் மங்கலாக ஓர் ஊதா. இன்று பார்த்தாலும் அடுத்த வருஷம் பார்த்தாலும் கோடுகள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"ஒவ்வொரு சரக்குக்கும் வெளிச்சத்துல ஒரு வீடு கீதாம். அடுத்த வீட்டுல போய் உக்காராதாம்," என்று துரை சொன்னதைத் தமிழில் சொன்னார் துபாஷ் வேதாசலம். துரைக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றித் தருவது அவர் உத்தியோகம்.

வயதாக ஆக, துரையின் கண்ணில் ஊதா விழாமல் போயிற்று. மஞ்சள் நன்றாகத் தெரியும். கத்தரிப்பூவைக் காட்டினால் சாம்பல் என்பார். அம்மணி அப்போது கைக்குட்டைத் துணிக்குச் சாயம் போடும் கொட்டகையில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். நமக்கு எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிகிற நூற்கட்டில், வேர்ச் சாயம் ஒரு பிடி குறைந்த நூலைத் தனியாக உருவி எறிவாள். அதைக் கண்டு வேதாசலம்தான் அவளைக் கிடங்குக்கு அழைத்து வந்தார். தோணி வரும் நாட்களில் தீ பார்ப்பது அவள் வேலை ஆயிற்று. முதல் நாளே, தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று வேதாசலத்தைக் கேட்டாள். "தப்பா சொல்லாதே," என்றார் அவர்.

உப்புப் பொடி கரண்டி நுனியில் நிற்காது, தீயில் உதிர்ந்துவிடும். அம்மணி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, ஈர விரலால் உருட்டி, மிளகு அளவுக்கு உருண்டை பிடித்துக் கரண்டியில் ஒட்டுவாள். துரை சொல்லித் தந்ததில் இது இல்லை, இவள் கைவழக்கம். உதிராமல் நின்று எரிந்ததால் துரையும் சரி என்று விட்டுவிட்டார்.

மற்ற நாட்களில் அவள் வேலை ஏரியில். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட, பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். எப்போதும் பக்கத்தில் முனியம்மாள் தடவிக்கொண்டிருப்பாள்.

இந்த முனியம்மாளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் புருஷன் நாகப்பனும் தோணிக்காரன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கொண்டுவந்த மூட்டையில் அம்மணி மஞ்சளைப் பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள். நாகப்பன் அழுதான், சத்தியம் செய்தான். துரை கேட்கவில்லை. கூலியில்லாமல் உழைக்கட்டும் என்று கப்பல்காரனிடம் ஒப்படைத்துவிட்டார். படகில் அவனை ஏற்றியபோது முனியம்மாள் கரையில் நின்று, "திருட்டுப் பயலே, எம் பொண்ணை இனி எவன்டா கட்டுவான்?" என்று ஊர் கேட்கக் கத்தினாள். அவன் திரும்பிப் பார்த்தானா என்று யாரும் கவனிக்கவில்லை. பிறகு எத்தனையோ கப்பல் வந்தது, அந்தக் கப்பல் வரவில்லை. பெண் கஸ்தூரி வளர்ந்து நிற்கிறாள். திருடன் பெண் என்று ஒருவரும் கேட்டு வரவில்லை.

முனியம்மாளுக்கு அம்மணிமேல் கோபம் இல்லை. "நீ பாத்ததை நீ சொன்னே. கலந்தவன் அந்த ஆளு. உன்மேல இன்னா தப்பு?" என்று அவளே ஆறுதல் சொன்னாள். பயந்தவளுக்கு அந்தச் சொல் எவ்வளவு தேவைப்பட்டது என்று முனியம்மாளுக்குத் தெரியாது.

அந்தப் பங்குனியில்தான் வினை வந்தது. கப்பல் வெளியே காத்து நின்றது. கடைசிச் சரக்கை எடுத்துவரப் போன சின்னப்பன் வரவேண்டிய நாளில் வரவில்லை. அம்மணி ஏரியில் குனிந்து சேற்றைத் தடவுவாள், நிமிர்ந்து வடக்கே பார்ப்பாள், மறுபடியும் குனிவாள். பறியில் இறால் சேரவே இல்லை. ஒரு காலையில் கரையிலிருந்து வேதாசலம் கைதட்டிக் கூப்பிட்டார். "உன் வீட்டுக்காரன் தோணி வந்துடுச்சி. தீ பாக்கணும், துரை நிக்கிறாரு, வா!" அம்மணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பறியை முனியம்மாளிடம் கொடுத்துவிட்டு, கையை அலசிக்கொண்டு ஓடினாள்.

இருட்டறையில் சாராயம் எரிந்துகொண்டிருந்தது. உருண்டை பிடித்துக் கரண்டியை நீட்டினாள். மஞ்சள் குப்பென்று எழுந்தது.

மஞ்சள் அடங்கும் அடங்கும் என்று பார்த்தாள், அடங்கவில்லை. நீலக் கண்ணாடியைப் பிடித்தாள். அடியில் கத்தரிப்பூ தெரிந்தது. வெடியுப்பு இருக்கிறது, கறியுப்பும் இருக்கிறது. கலப்படம். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் மஞ்சள் துரையின் கண்ணுக்கும் தெரியும், அவர் பக்கத்திலேயே நின்றார். இருந்தாலும் வழக்கப்படி, "என்ன நிறம்?" என்று வேதாசலம் கேட்டார்.

"மஞ்சள்," என்றாள் அம்மணி.

சின்னப்பனைக் கிடங்கில் கப்பல் கயிறு வைக்கும் அறையில் போட்டுப் பூட்டினார்கள். வழியில் உப்பளத்துக் கரையில் தோணியைக் கட்டியிருந்தான் என்று கூட வந்தவர்கள் சொன்னது போதுமானதாக இருந்தது. சரக்கு ஏறி முடிந்ததும் கப்பல் கிளம்பும். அதோடு அவனும் போவான்.

கயிற்று அறைக்கு ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அம்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் வேறு ஏதேதோ கேட்க நினைத்துக்கொண்டு வந்தவள், கடைசியில் கேட்டது இதைத்தான்.

"நீ கலந்தியா?"

சின்னப்பன் அவளையே பார்த்தான். "நீயே கேக்கறியா?"

"மஞ்சளா எரிஞ்சுதுய்யா. எங்கண்ணால பாத்தேன்."

"சோழகக் காத்து எதிர்ல அடிச்சுது மே. தோணி நவுரல. உப்பளத்துக் கரைல கட்டிட்டுப் படுத்தோம். மூட்டைக் கட்டை நான் அவுக்கல."

"நீ தூங்கறப்ப வேற எவனாவது…"

"தூங்கறவனுக்கு இன்னா தெரியும்?" என்றவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "நாகப்பனும் இப்படித்தான் சொன்னான். அப்ப நீயும் நம்பல. நானும் நம்பல," என்றான்.

அம்மணி வீட்டுக்கு வந்தாள். அடுப்பு மூட்டவில்லை. ஏரிக்குப் போகவில்லை. கலந்திருப்பானோ என்று ஒரு நினைப்பு. சீ, அவனா என்று அடுத்த நினைப்பு. மீன் குழம்பில் உப்புக் கூடினால்கூட அவள் மனம் நோகும் என்று பேசாமல் சாப்பிடுகிறவன். ஆனால் தீ? தீக்கு அவன்மேல் என்ன பகை? படகுகள் முகத்துவாரத்துக்கும் கிடங்குக்கும் போய்வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு துடுப்புச் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தாள்.

இருப்புக் கொள்ளாமல் மறுநாள் மணல்மேட்டு ஊற்றில் நல்ல தண்ணீர் இறைத்துத் தலையோடு குளித்தாள், குலதெய்வத்தை வேண்டிக்கொண்டாள், நேராகக் கிடங்குக்குப் போனாள். இன்னொரு தடவை தீ பார்க்க வேண்டும் என்று துரையின் காலில் விழுந்தாள். துரை கொடுமைக்காரர் இல்லை. சரக்கு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். பார்க்கச் சொன்னார்.

அதே மூட்டை. அதே கரண்டி. உருண்டை பிடித்து நீட்டினாள். ஏதோ ஒரு மூலையில் மஞ்சள் மினுக்கிவிட்டு மறைந்தது. பிறகு கத்தரிப்பூ. ஆடாமல் அசையாமல், வேலியோரத்தில் பூத்த மாதிரி கத்தரிப்பூ.

"தொரை! பாருங்க தொரை!" என்று அம்மணி கத்திவிட்டாள்.

துரைக்குக் கத்தரிப்பூ தெரியாது. மஞ்சள் இல்லாதது தெரிந்தது. அவர் முகம் மலரவில்லை, இறுகியது. வேதாசலத்திடம் நிதானமாக ஏதோ சொன்னார். வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டு தமிழாக்கினார்.

"உள்ள கிடக்கிறது உன் புருஷன். உருண்டை பிடிக்கிறது உன் கை. நல்ல சரக்கைக் கைல ஒளிச்சு வச்சிருந்து உருட்டிட்டேன்னு துரை நினைக்கிறாரு. ஒரே மூட்டைல ரெண்டு தீ வராது. எது பொய்த் தீன்னு நீயே சொல்லு. நாளைக்கு மிச்ச சரக்கு ஏறிடும். அதுக்குள்ள சொல்லு."

அம்மணி வெளியே வந்து கால் போன போக்கில் கரையோரம் நடந்தாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. தான் எதையும் ஒளிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் இரண்டு தீயும் மெய். அது எப்படி? நூல் பிரிக்கும் காலத்தில் சிவப்பு மாறிப்போனால் என்ன செய்வாளோ அதையே செய்தாள்: வேர் மாறியதா, தண்ணீர் மாறியதா, பானை மாறியதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். மூட்டை மாறவில்லை. சாராயம் ஒரே ஜாடி. கரண்டி ஒன்று. கிண்ணம் ஒன்று. பார்த்த கண்ணும் ஒன்று. வேறு என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லையே!

தண்ணீரிலிருந்து முனியம்மாள் ஏறி வந்தாள். இவளைக் கண்டதும் பறியை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து கையை ஏரியில் நன்றாக அலசிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எதனா துன்னியா? மூஞ்சி செத்துப் போச்சு பாரு," என்று அம்மணியின் கன்னத்தைத் தடவினாள். பங்குனி வெயில் உச்சியில் நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே முனியம்மாள் கையின் ஈரம் காய்ந்தது. காய்ந்த இடத்தில், முழங்கையிலிருந்து விரல் இடுக்குவரை, மாவு பூத்த மாதிரி வெள்ளை படிந்திருந்தது.

அம்மணி அதையே பார்த்தாள். பிறகு தன் கன்னத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள். கரித்தது.

ஏரிக்காரர்களுக்கு ஏரித் தண்ணீர் அழுக்கு இல்லை. சேறு போக வேண்டுமா, ஏரியில் அலசு. கவிச்சி போக வேண்டுமா, ஏரியில் அலசு. பிறந்ததிலிருந்து தோலில் இருக்கிற உப்பை அவர்கள் உப்பு என்றே நினைப்பதில்லை. கோடை ஏற ஏறத் தண்ணீர் வற்றி ஏரி உப்புக் கஷாயமாகிவிடும். அந்தத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, சுத்தமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஈரத்திலேயே உருண்டை பிடித்திருக்கிறாள். மூட்டையில் இல்லாத கறியுப்பு அவள் உள்ளங்கையில் இருந்தது. மற்றத் தோணி நாட்களில் வீட்டிலிருந்து, நல்ல தண்ணீரில் கைகழுவிக்கொண்டு போவாள்; அன்று நேராக ஏரியிலிருந்து ஓடியிருந்தாள். இரண்டாம் தடவை ஊற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனாள்; கத்தரிப்பூ எரிந்தது. தன் புருஷனைத் தானே பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

எழுந்து ஓடத்தான் போனாள். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாகப்பன் தோணி வந்த காலைப்பொழுது ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கும் பங்குனி. அன்றைக்கும் ஏரியிலிருந்துதான் போனாள்.

"இன்னாமே, பேயைப் பாத்த மாதிரி பாக்கறே?" என்றாள் முனியம்மாள்.

"ஒண்ணுமில்ல யக்கா," என்றாள் அம்மணி.

அதுவரை அவள் பட்ட பயமெல்லாம் ஒரு பயமா? அன்று சாயங்காலம் பட்டதுதான் பயம். சொன்னால் சின்னப்பன் வீட்டுக்கு வருவான். சொல்வது ஊருக்குத் தெரியும், முனியம்மாளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் முனியம்மாள் எப்போதும்போல் பக்கத்தில் நின்று இறால் தடவுவாள். சின்னப்பன் கப்பலில் போவான். முனியம்மாள் காதில் விழாமல் துரையிடம் மட்டும் ரகசியமாகச் சொல்ல வழி உண்டா என்றுகூட யோசித்தாள். யோசித்ததை மறைத்து அவளை உத்தமி ஆக்க எனக்கு விருப்பமில்லை. யார்தான் யோசிக்க மாட்டார்கள்?

பொழுது விடிந்ததும் மறுபடியும் ஊற்றில் குளித்துவிட்டுக் கிடங்குக்குப் போனாள். கையை நீட்டிக் காட்டி நடந்ததைச் சொன்னாள். வேதாசலம் சொல்லச் சொல்லத் துரையின் புருவம் உயர்ந்தது. வெகுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. ஆனால் உன் கையால் வேண்டாம்," என்றார். முதலில் ஒன்றும் வைக்காமல் வெறுங்கரண்டியைத் தீயில் காட்டச் சொன்னார். நீலம் நீலமாகவே நின்றது. இதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும், நான் சொல்லத் தவறிவிட்டேன் என்று முணுமுணுத்தார். அடுத்து வேதாசலம் குடிநீரில் கைகழுவிக்கொண்டு உருண்டை பிடித்தார். கத்தரிப்பூ என்று அவரே சொன்னார்.

"இப்போது ஏரியிலிருந்து வருகிற ஒரு கை வேண்டும். இவளுக்கு உறவில்லாத கை," என்றார் துரை.

வேதாசலம் பின்கதவைத் திறந்தார். கிடங்குச் சமையலுக்கு இறால் கொடுக்க முனியம்மாள் பறியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா, கையை ஏரில கழுவிகினு உள்ள வா," என்றார் வேதாசலம்.

வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்ல அம்மணி வாயைத் திறந்தாள். அதற்குள் முனியம்மாள் பறியை இறக்கிவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டாள்.

முனியம்மாள் கையை அலசிக்கொண்டு இருட்டறைக்குள் வந்தாள். அம்மணிக்கு உதவி என்றதும் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னபடி சிட்டிகை எடுத்தாள், உருட்டினாள், கரண்டியில் ஒட்டி நீட்டினாள். மஞ்சள் எழுந்து அறை முழுவதும் பரவியது. துரையின் முகம், வேதாசலத்தின் தலைப்பாகை, அம்மணியின் கண்ணீர் எல்லாம் அந்த வெளிச்சத்தில் ஒரே நிறமாக இருந்தன.

"ஐயோ, கலப்படமா?" என்று முனியம்மாள் பதறினாள். "சின்னப்பன் அப்படிப்பட்ட ஆளு இல்ல சாமி!"

வேதாசலம் அவள் கையிலும் கரண்டியிலும் குடிநீரை ஊற்றினார். தேய்த்துக் கழுவச் சொன்னார். மறுபடியும் அதே மூட்டையிலிருந்து எடுத்து உருட்டச் சொன்னார். அவள் நீட்டினாள். கத்தரிப்பூ எரிந்தது.

"சரக்குல ஒண்ணுமில்லம்மா. ஏரித் தண்ணியோட உப்பு உங்கைல இருந்துச்சி. அதான் மஞ்சளா எரிஞ்சுது," என்றார் வேதாசலம். துரை சாவியை எடுத்துக்கொண்டு கயிற்று அறைப் பக்கம் போனார். வேதாசலமும் பின்னால் போனார்.

முனியம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. தீ அணைந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்று நின்று, மெல்லக் கேட்டாள்.

"எங்க ஆளு தோணி வந்த அன்னிக்கு, நீ எங்கூடத்தான ஏரில இருந்தே?"

"ஆமா யக்கா."

"நான்தான உம் பறியை வாங்கிகினேன். தொரை நிக்கிறாரு, கைய அலசிகினு ஓடுன்னு நான்தான சொன்னேன்."

அம்மணி ஆமாம் என்று தலையை அசைத்தாள். முனியம்மாள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது.

"திருடன்னு கத்தினேனே," என்றாள் முனியம்மாள். "படகுல ஏத்தறப்ப அத்தினி பேர் எதிர்ல கத்தினேனே அம்மணி."

கயிற்று அறைப் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. முனியம்மாள் கரண்டியை வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் அப்படியே தொங்கவிட்டாள்.

"வா. வந்து கஸ்தூரிகிட்ட நீயே சொல்லு. அவ நைனா எதையும் திருடலன்னு சொல்லு. நான் சொன்னா நம்பாது. திருடன் திருடன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்."

அவள் முன்னால் நடந்தாள். அம்மணி பின்னால் நடந்தாள். வாசலைத் தாண்டும்போது முதுகுப் பக்கம் சின்னப்பன் குரல் கேட்டது.

"இன்னாமே, நான் வந்துட்டேன். எங்க போறே?"

இத்தனை நாள் எந்தக் குரலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அதே குரல். அம்மணி திரும்பவில்லை. "நீ வூட்டுக்குப் போ, வரேன்," என்று சொல்லிவிட்டு முனியம்மாளின் குடிசைப் பக்கம் நடந்தாள்.